கவிழாத படகு

லிஃப்ட் மெக்கானிக்கின் ரிமோட் படகு, வேகமெடுத்தாலே மூக்கைத் தூக்கிக் கவிழ்ந்துவிடும். காலையிலிருந்து பேட்டரியை விரற்கடை விரற்கடையாக முன்னே தள்ளிப் பார்த்தான். கவிழ்ந்த படகை எடுத்துத் தர, குளத்தில் முழங்கால் தண்ணீரில் அவன் அக்கா நின்றிருந்தாள்.

ஒன்பதாம் தடவை, அடியிலிருந்த இரண்டு மிதவைகளும் தண்ணீரோடு ஒட்டிக்கொள்ள, படகு சீறியது. சந்தோஷமாக ரிமோட் விசையிலிருந்து விரலை எடுத்தான். படகு நிற்கவில்லை. முன்னே தள்ளிய பேட்டரி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் ஒயரைப் பிடுங்கியிருந்தது.

நேராக அக்காவை நோக்கிப் பாய்ந்தது, கத்திபோன்ற புரொப்பெல்லரோடு. "தள்ளிப் போக்கா" என்று கத்த வாயெடுப்பதற்குள் அது பாதித் தூரம் கடந்திருந்தது. கவிழ்ந்துடு, கவிழ்ந்துடு என்று உள்ளுக்குள் கெஞ்சினான். அது இம்மிகூட ஆடவில்லை.

அக்கா பக்கவாட்டில் விலகி விழுந்தாள். படகு கரைச்சேற்றில் குத்தி நின்றது.

முகத்தை வழித்துக்கொண்டு எழுந்தவள், "இப்பதான்டா ஒழுங்கா ஓடுது" என்றாள்.

ரிமோட்டைப் பிடித்திருந்த விரல்களை அவனால் விரிக்க முடியவில்லை.