பாம்படப் பணத்தில் ஒரு சிங்கம்

என்னை மூளிக்காது என்று சொன்னது ஊர் அல்ல, என் மகன். ஊர் சொல்லியிருந்தால் அதன் வாயில் சாணியைக் கரைத்து ஊற்றியிருப்பேன். பெற்ற பிள்ளை சொன்னால் எதைக் கரைத்து ஊற்றுவது?

அவன் பெயர் ஞானசிங். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். குழித்துறையில் பெண் பார்த்து, சபையில் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சிட்டி விழுந்தது, சீட்டுப் பணம்தான். எங்கள் ஊர் பனவிளையில் அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி போடுகிற பெண்கள் கூடிப் போட்ட சிட்டி. அடுப்புப் புகையில் கண் எரிந்து எரிந்து நான் சேர்த்த பணம். அதில் வேறு யாருடைய வியர்வையும் கிடையாது.

பணம் வந்த அன்று சாயங்காலமே ஞானசிங் வந்து எதிரே உட்கார்ந்தான்.

"அம்மா, நாளைக்கே கோட்டாத்துக்குப் போயி காதுக்குப் பாம்படம் வாங்கிரு. கனம் கொறஞ்சதானாலும் போதும். உள்ள அரக்கு வச்சுத் தருவான்."

"இப்பம் என்னத்துக்குலே எனக்குப் பாம்படம்?"

"பெண்ணு வீட்டுக்காரங்க பெரிய இடமாக்கும். பந்தல்ல அத்தன பேரு முன்னால நீ மூளிக்காதோட வந்து பாலும் பழமும் தந்தா எனக்குல்லா கேவலம்?"

கோயில் முடிந்து பந்தலுக்கு வந்ததும் மாப்பிள்ளையைப் பெற்றவள்தான் முதலில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பாலும் பழமும் ஊட்ட வேண்டும். அவள் கை முந்தாமல் வேறு கை முந்தக்கூடாது. அந்த ஒரு காரியத்துக்காக நான் எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் என்பது கர்த்தருக்குத் தெரியும்.

"வாங்கலேன்னா?" என்று கேட்டேன்.

"வாங்கலேன்னா ராஜபாய் அத்தை தரட்டும். நீ சோறு பொங்குத ஆக்குப்புரையில நின்னுக்கிடு."

என் காதின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கைப்பிள்ளையாக இருக்கும்போதே குத்தி, பஞ்சு திணித்து, ஈயக் குணுக்கு மாட்டி, தோளைத் தொடும்வரை வளர்த்த காது. அதில் என் அப்பன் போட்ட பாம்படம் தொங்கியது. ஞானசிங்கை நாகர்கோவிலில் போர்டிங்கில் விட்டுப் படிக்க வைக்க அதைத்தான் விற்றோம். அன்றிலிருந்து இரண்டு காதும் வெறும் தோல் வளையமாக ஆடிக்கொண்டு கிடக்கின்றன. இது அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னான்.  ஆனாலும் நான் சொல்லிக் காட்டவில்லை. பிள்ளைக்குச் செய்ததைச் சொல்லிக் காட்டுவதும் சோற்றைப் போட்டுவிட்டு அதன்மேல் உமியைத் தூவுவதும் ஒன்று.

என் வீட்டுக்காரர் யேசுரத்தினம் மூலையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பனையில் ஏறினால் புலி, வீட்டுக்குள் பூனை. "பய சொல்லுததும் ஒரு வகையில..." என்று ஆரம்பித்தார்.

"நீரு வாயை மூடும்" என்றேன். மூடிக்கொண்டார்.

அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பாம்படம் காதில் கிடந்த காலத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. என் காது எனக்கு எப்படித் தெரியும்? பார்த்தவர்கள் எல்லாம் மற்றவர்கள். எனக்குக் கிடைத்தது பாரமும் வலியும், படுத்தால் கழுத்தில் குத்துவதும். கழற்றித் தட்டான் கையில் கொடுத்த அன்றுதான் உள்ளங்கையில் வைத்து ஆசைதீரப் பார்த்தேன். அடேயப்பா, இவ்வளவு அழகா என்றிருந்தது. மறுபடியும் அதே கழுதைப் பாரத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சுமக்க வேண்டும், அதுவும் கல்யாணத்துக்கு வருகிறவன் பார்ப்பதற்காக!

மறுநாள் அக்கானி காய்ச்சும் குடிசையில் நேசம்மாள் கேட்டாள். என் கூட்டுக்காரி அவள். அடுத்தவள் பணம் என்றால் அவளுக்கு அடுப்பில் இருப்பது அடிபிடித்தாலும் கவலையில்லை.

"ஏட்டி பூங்கனி, பாம்படம் எப்பம் வாங்கப் போற?"

"பாம்படமும் இல்ல, ஒரு எளவும் இல்ல. நான் சிங்கம் பாக்கப் போறேன்."

கிளறிக்கொண்டிருந்த துடுப்பு அவள் கையிலேயே நின்றுவிட்டது.

சிங்கம் எங்கள் சபையில் பெரிய விஷயம். உபதேசியார் ரசலையன் பிரசங்கத்தில் ஏறினால் சிங்கம் வராமல் இறங்கமாட்டார். தீர்க்கதரிசியைச் சிங்கங்கள் அடைத்த கெபியில் போட்டதும், ஆண்டவர் சிங்கங்களின் வாயைக் கட்டியதும் அவர் சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். ஒரு தடவை நான் எழுந்து, "உபதேசியாரே, சிங்கம் எப்படிக் கத்தும்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "காளை மாதிரி, கொஞ்சம் கூடுதலா" என்றார். பார்த்திருந்தால்தானே சொல்ல! கிறிஸ்துமஸ் நாடகத்தில் என் வீட்டுக்காரர்தான் சிங்கம். பனம் பன்னாடையைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் கத்தியதைக் கேட்டு, குட்டி போட்ட நாய் என்று பிள்ளைகள் கல்லெறியப் பார்த்தார்கள். திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலையில் நிஜச் சிங்கம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பனவிளையில் ஒருத்தியும் போனதில்லை. சந்தைக்குப் போவோம், கோயிலுக்குப் போவோம், சாவுக்குப் போவோம். சும்மா ஒன்றைப் பார்க்க என்று எவளும் ஊரைத் தாண்டியதில்லை.

"தனியாட்டா போற?" என்றாள் நேசம்மாள்.

"சிட்டி போட்ட அத்தன பேரும் வாருங்க. பஸ்ஸையே பிடிப்போம். செலவு என்னுது."

விஷயம் ராஜபாய்க்குப் போனது. என் வீட்டுக்காரரின் தங்கை அவள். பாம்படம் முன்னே வர, அவள் பின்னே வந்தாள்.

"மதினி, ஒமக்குக் கிறுக்கா? நகைன்னா ஆபத்துக்கு ஒதவும். சிங்கத்தைக் கொண்டு அடகு வைக்க முடியுமா?"

நியாயமான கேள்விதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

"ஆபத்துக்குன்னு வச்சது ஆபத்துக்குத்தான் போச்சு, ராஜபாய். சந்தோசத்துக்குன்னு நான் இதுவரை ஒரு சக்கரக் காசு செலவழிச்சதுண்டா? நீயே சொல்லு."

"செத்தா யாரும் சிங்கத்தைப் பத்திப் பேசமாட்டா. காதுல என்ன கெடக்குன்னுதான் பாப்பா."

"பாக்கட்டும். நான் அப்பம் கண்ணை மூடிக் கெடப்பேன், எனக்கென்ன?"

ஞானசிங் என்னோடு பேச்சை நிறுத்தினான்.

புறப்படும் அன்று பஸ் வந்து நின்றதும் பனவிளையே கூடிவிட்டது. ஆண் துணைக்கு உபதேசியாரை ஏற்றிக்கொண்டோம். அவர் குடையை ஊன்றி நின்று நீளமாக ஜெபித்தார். வண்டியைக் காத்தருளும், டிரைவருக்கு நல்ல புத்தியைத் தாரும், சிங்கங்களின் வாயைக் கட்டியருளும் என்றார். நாங்கள் சத்தமாக ஆமென் சொன்னோம். அங்கேதான் தப்பு நடந்தது.

குழித்துறைப் பாலத்தில் பஸ் ஏறியபோது ஆற்றைக் கீழே பார்த்துக் கூவினோம். பாறசாலை தாண்டும்வரை கீர்த்தனை பாடினோம். அதற்குமேல் பாடியது கீர்த்தனை இல்லை. உபதேசியார் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திருவனந்தபுரத்தில் ஓட்டலில் உட்கார்ந்து, எவனோ ஒருவன் பரிமாற, நாங்கள் சாப்பிட்டோம். நேசம்மாள் கை கழுவிவிட்டு அழுதாள். "நான் எந்திரிச்சு வெளம்பாம ஒரு சோறு தின்னது இண்ணைக்குத்தாண்டி" என்றாள்.

சிங்கத்தின் கூண்டுக்கு முன்னால் போய் நின்றோம். சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது.

நின்றோம், நின்றோம், கால் கடுத்தது. அது ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. கூட்டம் பிடிக்காத சம்பந்தி மாதிரி மூடிக்கொண்டது. வாயை மட்டும் திறக்கவே இல்லை. வெயில் சாய ஆரம்பித்தது. டிரைவர் ஆள் அனுப்பிவிட்டான். என் நெஞ்சுக்குள் பயம் புகுந்தது. பாம்படமும் இல்லை, பாலும் பழமும் இல்லை, சிங்கமும் இல்லை என்று ஆகிவிட்டால் ஊர் என்னை உயிரோடு உரித்துவிடுமே!

அப்போதுதான் நேசம்மாளுக்குப் பொறி தட்டியது.

"உபதேசியாரே! வாயைக் கட்டும்னு ஜெபிச்சது நீருதானே?"

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் குடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அது பாதுகாப்புக்குச் சொன்னதாக்கும்."

"கட்டினது நீரு, அவுத்து விடும்" என்றேன்.

"செஞ்ச ஜெபத்தைத் திருப்பி வாங்க முடியாது, அம்மா. வேதத்துல அப்படி இல்ல."

"வராத கருப்பட்டிக்கு வாங்கின முன்பணத்தையே திருப்பித் தாறோம். ஜெபத்தைத் தர முடியாதா?"

மனிதர் மசியவில்லை. சரிதான் போம் என்று நானே முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். "ஆண்டவரே, இது எனக்கும் உமக்கும் உள்ள காரியம். உபதேசியார் சொன்னதை மறந்துரும். நான் பாம்படம் வேண்டாம்னு வந்திருக்கேன். என் மகன் என்னை ஆக்குப்புரைக்குப் போகச் சொல்லியிருக்கான். இதுக்கு மேலயும் இந்தச் சிங்கச் சவத்தோட வாயை மூடி வைக்கப் போறீரா? தெறந்து விடும்" என்றேன். கண்ணீர் வந்துவிட்டது, வெட்கமென்ன.

ஆமென் சொல்லி வாய் மூடவில்லை, காவல்காரன் இறைச்சி வாளியோடு வந்தான்; இரை வைக்கும் நேரமாம். வாளி கம்பியில் இடித்தது. சிங்கம் எழுந்தது. உடம்பை நீட்டியது. பிறகு கத்தியது.

காளை மாதிரியாம், காளை! முதலில் அது காதில் கேட்கவில்லை, நெஞ்சாங்கூட்டுக்குள் கேட்டது. காலுக்கடியில் மண் அதிர்ந்தது. தொங்கிய என் காதுத் தோல் இரண்டும் தோளில் நடுங்கியதை நான் உணர்ந்தேன். நேசம்மாள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். உபதேசியாரின் குடை எங்கோ போய் விழுந்தது.  அது அடங்கியதும் ஒருத்தி சிரித்தாள். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து சிரித்தோம். பஸ்ஸில் ஏறியும் நிற்கவில்லை. வழியெல்லாம் ஆளாளுக்குக் கத்திப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் மெல்ல வந்து கேட்டார். "ஏட்டி, நான் நாடகத்துல கத்தினது சரியா?"

"நாயாக்கும்" என்றேன். மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

பிறகு கல்யாணம் வந்தது. ஞானசிங் சொன்னபடியே செய்தான். கோயில் முடிந்து பந்தலுக்கு வந்ததும், ராஜபாயிடம் பாலும் பழமும் இருந்த கிண்ணத்தைக் கொடுத்தார்கள். நான் ஆக்குப்புரை வாசலில், எரிகிற அடுப்புக்கும் எரிகிற வயிற்றுக்கும் நடுவில் நின்றேன். பிள்ளையின் கல்யாணத்தில் வாய்ச்சண்டை போடக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். நேசம்மாள் என் கையை விடவில்லை.

ராஜபாய் பழத்தைப் பிசைந்து பெண்ணின் வாய்க்கு நேரே கொண்டுபோனாள். பெண்ணின் பெயர் செல்லத்தங்கம். அவள் வாயைத் திறக்கவில்லை.

"வாங்கிக்கிடு மக்ளே" என்றாள் ராஜபாய்.

அவள் தலையை அசைத்தாள். "சிங்கம் பாத்த மாமி எங்க?"

 அட, குழித்துறைவரை போயிருக்கிறது நம் சிங்கம்! ஞானசிங் அவள் காதருகே என்னவோ சொன்னான். அவள் சத்தமாகவே பதில் சொன்னாள். "அவியதானே ஒங்க அம்மா? அவிய தரட்டும்."

நேசம்மாள் என் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினாள். நடந்தேன். பெரிய இடத்துச் சம்பந்திகள் அத்தனை பேரும் பார்க்க, மூளிக்காது இரண்டும் ஆட ஆட, பந்தலின் நடுவே நடந்தேன். ராஜபாயின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினேன். பாவம், அவளும் தந்துவிட்டாள்.

செல்லத்தங்கம் என் காதைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தாள்.

"சிங்கம் பாத்தது உள்ளதா மாமி? கத்திச்சா?"

"உள்ளதுதான் மக்ளே."

"எப்படிக் கத்திச்சு?"

"அம்மா, வேண்டாம்" என்றான் ஞானசிங். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

நான் அவனைப் பார்த்தேன். கிண்ணத்தை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். காலை அகட்டி நின்று, அடிவயிற்றிலிருந்து இழுத்து, கத்தினேன்.

ஆக்குப்புரையில் எவனோ கரண்டியைப் போட்டான். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. சம்பந்திக்காரர் தலைப்பாகை சரிய எழுந்து நின்று, பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். செல்லத்தங்கம் வாய்கொள்ளாமல் சிரித்தாள். திறந்த வாயில் பாலும் பழமும் வைத்தேன்.

அடுத்தது மாப்பிள்ளை. அவன் உதட்டை இறுக்கி மூடி, பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவ கத்துங்க மாமி," என்றாள் அவன் பெண்டாட்டி, "இவியளும் வாயைத் தெறக்கட்டும்."

கத்தினேன். திறந்தான்.