குறுக்கே நின்ற கல்

டார்லா ஆஸ்ட்பிக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. அப்பா ஆர்வினுக்கு எண்பத்தேழு வயது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அப்போதும் மனுஷன் பிடித்த பிடியை விடவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்கக் கூடாதாம்! அம்மா ஆசை ஆசையாக இருவருக்குமாக ஒரே கல்லறைக் கல்லை வாங்கி வைத்துவிட்டுத்தான் போனாள். அதில் அவள் பாதியில் பெயர் இருக்கிறது. அப்பாவின் பாதி மொட்டையாகக் கிடக்கிறது.

எல்லாம் அதே வரிசையில் இருக்கும் அப்பாவின் தாத்தா நெல்ஸால் வந்த வினை. அந்த அயோவா ஊர்க் கல்லறையில் அத்தனை பேரும் கிழக்கே பார்த்துப் படுத்திருக்க, நெல்ஸின் கல் மட்டும் வடக்கே பார்த்துக் குறுக்கே நிற்கும். தூக்குப் போட்டுக்கொண்டவர்களைத்தான் அப்படிப் போடுவார்கள் என்று ஊரில் பேச்சு. நெல்ஸ் மாட்டுக் கொட்டகையில் செத்தார், அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மிச்சத்தை அந்தக் கல் சொல்லிவிட்டது. அவர் மனைவி கைக்குழந்தையோடு டகோட்டாவிலிருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பிள்ளை வளர்ந்து ஊர் திரும்பியபோது கல் குறுக்கே நின்றது. யாரிடமும் வாய்விட்டுக் கேட்க அவனுக்கு வெட்கம்.

அவன் மகன் ஆர்வினைப் பள்ளிக்கூடத்தில் ‘குறுக்கன் பேரன்’ என்றார்கள். டார்லாவை மட்டும் விட்டுவைத்தார்களா? கூடப் படித்த டுவைன் கிளாசென் தினமும் அவள் மேசையைக் குறுக்கே திருப்பிப் போட்டுவிட்டு இளிப்பான்.

அந்த டுவைன்தான் இப்போது கல்லறைக் குழுத் தலைவன். கல் இல்லாத பழைய குழிகளைத் தேடி, இன்னார் இங்கே என்று குறித்துக்கொண்டிருந்தான். கையில் நீளமான இரும்புக் கம்பி. தோண்டி மூடிய மண்ணில் அது சுலபமாக இறங்கும். தோண்டாத களிமண்ணில் முட்டிக்கொண்டு நிற்கும். மே மாதம் அம்மாவுக்குப் பூ வைக்கப் போன டார்லாவைப் பார்த்ததும் அவன் தயங்கினான்.

“உங்க வரிசைய மட்டும் விட்டு வச்சிருக்கேன். நீ சரின்னாத்தான் கம்பிய வைப்பேன்.”

“வாயால எத்தனை வருஷம் குத்தினே. இப்ப கம்பியாலயும் குத்திப் பாரு.”

நெல்ஸின் கல்லைச் சுற்றிக் கம்பி இறங்கிய இடமெல்லாம் டுவைன் சின்னக் கொடி நட்டான். கொடிகள் குறுக்கே போகவில்லை, மற்றக் குழிகளைப் போல மேற்கிலிருந்து கிழக்காகப் போயின. அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. மறுபடியும் குத்தினான். அதே கதைதான். மேற்குக் கோடியில் புல்லைச் செதுக்கினால், கல்லை நிறுத்தும் பழைய காரைப் பீடம். கல் அளவுக்கே பள்ளம், மற்றவர்களுடையதைப் போலவே கிழக்கே பார்த்து.

டுவைன் முகம் விழுந்துவிட்டது. ஆர்வின் பிறப்பதற்கு முன்னால் அடித்த சூறாவளியில் பாதிக் கல்லறை சாய்ந்ததாம். தூக்கி நிறுத்தியது அவன் தாத்தா ஓட்டோவின் ஆட்களாம்.

“எங்க தாத்தா ஒரு வேலியக்கூட நேரா போட்டதில்ல, டார்லா. என்ன மன்னிச்சிரு” என்றான்.

டார்லா புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா! நெல்ஸ் எப்படிச் செத்தார் என்பது இன்னமும் தெரியாதுதான். ஆனால் அன்றைக்கு அவரைத் தூக்கிவந்த ஊர், எல்லோரையும் போலத்தான் படுக்க வைத்திருக்கிறது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டுவைனை நாலு கேட்க நினைத்திருந்தது மறந்தே போயிற்று.

ஆர்வின் கட்டிலில் சாய்ந்தபடி டார்லா போனில் எடுத்துவந்த கொடிப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப தாத்தா குறுக்கே கிடக்கலயா?”

“இல்லப்பா. அம்மா மாதிரியேதான் கிடக்காரு.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னப் பையனாக இருந்ததிலிருந்து அந்தப் பக்கம் தலை குனிந்தபடியே போய்வந்ததாகச் சொன்னார். அம்மாவைப் புதைத்த அன்றுகூடத் தலை நிமிரவில்லையாம். பிறகு போனை மகளிடம் நீட்டினார்.

“கல்லு வெட்டுறவனக் கூப்பிடு. உங்கம்மா பேருக்குப் பக்கத்துல எம்பேர நான் இருக்கும்போதே வெட்டட்டும். ஆனா ஒண்ணு, நான் போனப்புறம் ஓட்டோ பேரன அந்தக் கல்லுல கைய வைக்க விடாதே.”