இன்றைய மீதம்: ஒன்று

காலை எட்டு மணியிலிருந்து அண்ணி ஒரு பிளக்கைச் செருகுவதும் பிடுங்குவதுமாக நின்றுகொண்டிருந்தாள். பொழுது போகாததால் அல்ல. குஞ்சு பொரிக்கும் பெட்டியின் கன்ட்ரோலர் புகைந்து செத்துவிட்டது. சூடு ஏறினால் ஹீட்டரை நிறுத்தவும், இறங்கினால் போடவும் இருந்த அந்தக் கையகலப் பலகையின் வேலையை ஆறு மணி நேரமாக ஒரு மனுஷி பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தொண்ணூற்றாறு முட்டைகள். இன்று இருபதாம் நாள். நாளைக்கு ஓட்டை உடைத்துக்கொண்டு வரவேண்டியவை.

இதற்கு முன் இரண்டு தடவை வைத்ததில் ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. இதுவும் போனால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அண்ணிக்கு இன்னும் எரிச்சல்.

பக்கத்து மேஜையில் இருந்தவள் அண்ணனின் தங்கை. போன் ரிப்பேர் கடையில் வேலை. சின்ன வயதில் வீட்டில் வைத்த வாலு என்ற பெயர் இருபத்தாறு வயதாகியும் உதிரவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கையிலிருந்த ஒரு சர்க்யூட் போர்டைப் புதுக் கன்ட்ரோலராக மாற்றியே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வயரெல்லாம் பற்றவைத்தாயிற்று. போர்டுக்குப் புத்தி சொல்லும் புரோகிராம்தான் பாக்கி.

மனுஷர் எழுதியதைப் போர்டு அப்படியே படிக்காது. மெஷினுக்குப் புரிகிற மாதிரி கம்பைல் பண்ணித் தரவேண்டும். வாலுவின் கம்ப்யூட்டர் கிழடு, அதற்கான சாப்ட்வேரை ஏற்றினாலே மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் எங்கோ இருக்கிற ஒரு சர்வரின் ஏபிஐ முகவரிக்குத் தன் புரோகிராம் கோடை அனுப்புவாள். அங்கேயே கம்பைல் ஆகி, போர்டில் ஏற்றவேண்டிய ஃபைல் திரும்பி வரும். இலவசம்தான். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது தடவைக்கு மேல் கிடையாது.

"அப்ப அது மாவு மில்லு. அரிசியக் குடுத்தா அரைச்சுத் தரும்," என்றாள் அண்ணி, பிளக்கைப் பிடுங்கிக்கொண்டே.

"அதேதான் அண்ணி!"

"சரி, மில்லு என்ன சொல்லுது?"

எழுதி முடித்த கையோடு வாலு சர்வரின் பதிலைத் திறந்து பார்த்தாள்.

'இன்றைய மீதம்: 1.'

போன வாரம் அவளே ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தாள். ஃபைலை சேவ் செய்தாலே போதும், கோடு தானாகச் சர்வருக்குப் போய்விடும். பெரிய கெட்டிக்காரத்தனம்! கோடு எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு வரி அடித்தால் சேவ், கமா போட்டால் சேவ், சும்மா யோசித்தால்கூட சேவ். அரையும் குறையுமாக இருபத்தொன்பது தடவை சர்வருக்குப் போய், இருபத்தொன்பது தடவையும் திட்டு வாங்கித் திரும்பியிருந்தது. வேறு பெயரில் கணக்குத் தொடங்கலாமென்றால் அதற்கு அனுமதி வர ஒரு நாள் ஆகும்.

"என் கைய உடைக்கணும் அண்ணி."

"அத நாளைக்கு உடைச்சுக்கலாம். இப்ப என்ன வழி?"

"ஒரே ஒரு தடவ அனுப்பலாம். அதுல தப்பு வந்தா நாளைக்குத்தான்."

"நாளைக்கா? ஏற்கெனவே ரெண்டு தடவ முப்பத்தொன்பது டிகிரி தொட்டுடுச்சுடி. இன்னும் ஏறினா உள்ளயே வெந்துடும். என் கையே மரத்துப்போச்சு."

வாலு முதல் காரியமாக அந்த ஸ்கிரிப்டை அழித்தாள். பிறகு கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியும் விரல் துறுதுறுத்தது.

"நான் வரி வரியா தமிழ்ல சொல்லிக்கிட்டே வரேன். நீங்க சும்மா கேளுங்க."

"எனக்கு என்னத்தப் புரியும்?"

"யாராவது கேட்டாதான் எனக்குத் தப்பு தெரியும்."

அது உண்மைதான். வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, மூடாமல் விட்ட ஒரு அடைப்புக்குறி அகப்பட்டது. எங்குமே எழுதி வைக்காத ஒரு கட்டளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்ததும் அகப்பட்டது. வாலுவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"சூடு முப்பத்தேழுக்குக் கீழ வந்தா ஹீட்டரப் போடு. முப்பத்தெட்டு ஆனா நிறுத்து."

"வேணாம்," என்றாள் அண்ணி.

"என்ன வேணாம்?"

"முப்பத்தெட்டுல நிறுத்தினா போச்சு. ஹீட்டர் உடனே ஆறுமா? புடுங்கின பிறகும் அது பாட்டுக்கு ஏறுது. காலைல நானும் முப்பத்தெட்டுலதான் புடுங்கினேன், விறுவிறுன்னு முப்பத்தொன்பது போயிடுச்சு. இப்பல்லாம் முப்பத்தேழேகால்லயே புடுங்கறேன். அதுவா ஏறி முப்பத்தெட்டுகிட்ட நிக்குது."

வாலு வாயைப் பிளந்தாள். இந்தத் தப்பைச் சர்வர் கண்டுபிடித்திருக்காது. இலக்கணம் சரி, போய் வா என்று அனுப்பியிருக்கும். தொண்ணூற்றாறும் இவர்கள் கண்ணெதிரே வெந்திருக்கும். முப்பது வாய்ப்பும் கையில் இருந்திருந்தால் அவள் இதை யாருக்கும் சொல்லிக் காட்டியிருக்கவே மாட்டாள்.

முப்பத்தெட்டை அழித்து முப்பத்தேழேகால் என்று போட்டாள். மொத்தத்தையும் மறுபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

'வரிசையில் உங்களுக்கு முன் 14.'

"மில்லுல கூட்டமா?"

"ஆமா அண்ணி. பதினொண்ணு... எட்டு... மூணு..."

மூன்றிலேயே நின்றது. அசையவில்லை. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அய்யோ, பிளக்கு!" அண்ணி பாய்ந்து பிடுங்கினாள். முப்பத்தெட்டரை. இன்னும் ஏறியது. அண்ணி பெட்டியின் மூடியைத் திறந்து முந்தானையால் விசிறினாள். "ஏறாத, ஏறாத, என் கண்ணுல்ல," என்று தெர்மாமீட்டரைக் கெஞ்சினாள். முப்பத்தொன்பதுக்கு ஒரு மயிரிழை முன்னால் அது நின்றது.

"வந்துடுச்சு!" வாலு போட்ட கூச்சலில் அண்ணி மூடியைத் தவறவிட்டாள். "பிழை பூஜ்யம்! அண்ணி, பூஜ்யம்!"

ஃபைலை இறக்கி, கேபிளைச் செருகி, போர்டில் ஏற்றினாள். ஹீட்டரின் பிளக்கைப் புதுக் கன்ட்ரோலரில் மாட்டவேண்டும். அண்ணி அதைக் கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். வாலு விரல் விரலாகப் பிரித்து வாங்கினாள்.

சூடு இறங்கியது. முப்பத்தேழுக்குக் கீழே வந்ததும் போர்டு 'டிக்' என்றது. ஹீட்டர் சிவந்தது. முப்பத்தேழேகாலில் மறுபடி 'டிக்'. சூடு தானாகக் கொஞ்சம் ஏறி, முப்பத்தெட்டுக்குக் கீழேயே நின்றது. கால் மணி நேரம் அது பாட்டுக்குப் போட்டது, நிறுத்தியது, போட்டது.

அண்ணிக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. காலையிலிருந்து முதல்முறையாகத் தரையில் உட்கார்ந்தாள். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. ரெண்டு தடவை முப்பத்தொன்பது, இப்போது இன்னொரு தடவை அதன் வாசல்வரை. பெட்டி பிழைத்துவிட்டது. உள்ளே இருப்பவை?

அவள் பெட்டியின் மரப்பக்கத்தில் காதை வைத்தாள். வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"யாராவது இருக்கீங்களாடா?" என்றாள் அண்ணி, மெதுவாக.

உள்ளே ஓட்டுக்குள்ளிருந்தே ஒன்று கீச்சென்றது. அதன் பக்கத்திலிருந்து இன்னொன்றும்.