நாலு விரல் குழி

"பிள்ளை, நீ எட்டி நில். துடக்கோடை அரப்பு வைக்கேலாது," என்று சுமித்திரா மாமி எண்ணெய்க் கிண்ணத்தை வினோஜாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அப்பாவின் தமக்கை சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சில்லை. சேலை மறைப்புக்கு அப்பால் பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். இப்பால், மாதவிலக்கின் இரண்டாம் நாளில், வினோஜா நின்றாள். வாய்க்கரிசியாவது தன் கையால் இட வேண்டும். அது ஒன்றே அவள் நெஞ்சில் இருந்தது.

நாற்பத்தாறு வயதில் அம்மா பத்மாசனி எதனால் செத்தாள்? மாரடைப்பென்று முற்றத்தில் கதைத்தார்கள். இரண்டு ஆண்டுகளாக மாதத்தில் இருபது நாள் உதிரம் போனதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கர்ப்பப்பையில் கட்டிகள், புற்றுநோயில்லை, ஆனால் வெட்டி எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். வீட்டுக்கு வந்து சேர்ந்தது பாதிச் சொல். புற்றுநோயில்லை என்று அப்பா யோகநாதன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். சத்திரசிகிச்சைக்குக் குறித்த நாளில் வயலில் அரிவி வெட்டு. மறுபடி குறித்த நாளில் கோவில் திருவிழா. "அடுத்த போகம் முடியட்டும்," என்று அம்மாவே சொன்னாள்.

உதடு வெளுத்தது. கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. பச்சையரிசியை அள்ளி அள்ளி மென்றாள்.

"எங்கடை வீட்டு எலிக்கு ரெண்டு கால்," என்பார் அப்பா.

"பூனை நீங்கள் இருக்கிறியள்தானே, பிடியுங்கோவன்," என்பாள் அம்மா, மென்றபடியே.

எல்லாரும் சிரிப்பார்கள். வினோஜாவும் சிரித்தாள். இரத்தம் வற்றிய உடம்பு அப்படித்தான் கேட்கும் என்று நேற்று, எல்லாம் முடிந்த பிறகு, தாதி சொன்னாள்.

வாய்க்கரிசி இடும்போது தட்டுக் காலியானது.

"அரிசி காணாது. ஆராவது குசினிக்குப் போய் எடுத்தாங்கோ," என்றாள் மாமி.

வினோஜா நகர்ந்தாள்.

"நீயில்லை. அரிசியிலை கை வைக்காதை."

"அம்மா துடக்கோடைதான் மாமி ரெண்டு வருசமா இந்த அரிசியிலை கை வைச்சவா. அதிலைதான் நீங்களும் புக்கை பொங்கிச் சாப்பிட்டனீங்கள்."

மாமி வெறுந்தட்டை அவளிடம் நீட்டினாள்.

குசினியில் வினோஜா அரிசி வாளியைத் திறந்தாள். அம்மாவின் நாலு விரல் அள்ளிய குழி, முந்தநாள் இருந்தபடியே இருந்தது. அதைக் கலைக்காமல் ஓரத்திலிருந்து அள்ளினாள். அப்படியும் அரிசி சரிந்து, குழி பாதி நிரம்பியது.