இரண்டு புள்ளி ஒன்பது

அறை விழுந்த சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அடித்தவன் ஊரார் சம்மட்டி என்று கூப்பிடும் கொல்லன், வாங்கியவள் அவன் தம்பி பெண்டாட்டி. பட்டறையில் முப்பது வருடம் இரும்பை அடித்துப் பழகிய கை, தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைக்கிற ஒரு ஒல்லிப் பெண்ணின் மேல் விழுந்தால் என்ன ஆகும்? உதடு கிழிந்து மோவாயில் இரத்தம் வழிந்தது.

அவள் செய்த குற்றம் ஒரு எண். ஈரல் சுருங்கிப்போன தம்பியின் இரத்த ரிப்போர்ட்டில், ஆல்புமின் என்ற புரதம் மூன்றரையாவது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி ஒன்று என்றிருந்தது. "அது சாப்பாட்டுச் சத்தைக் காட்டற நம்பருங்க" என்று பக்கத்துக் கட்டில்காரர் ஊதிவிட்டார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர் கால் வைத்தியன்கூட இல்லை.

"என் தம்பியைப் பட்டினி போட்டுட்டு நீ தின்னியாடி?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி குடுக்கறேன் மாமா. முட்டை, பால், பருப்பு. படுக்கறதுக்கு முன்னாடியும் ஒரு கிண்ணம். அவரையே கேளுங்க."

கட்டிலில் கிடந்த கணவன் சுவரைப் பார்த்தான். தகப்பன் இல்லாத குறை தெரியாமல் வளர்த்த அண்ணன். எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. ஈரலைக் கெடுத்த குடியை முதன்முதலில் ஊற்றிக் கொடுத்ததும் இதே அண்ணன்தான். அதற்கு யாரும் ரிப்போர்ட் எடுப்பதில்லை.

"பத்து நாள் என் வீட்டுச் சோறு. அடுத்த டெஸ்ட்ல நம்பர் ஏறிச்சுன்னா நீ பொட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடணும். பொண்ணு எங்ககிட்ட இருக்கும்."

மகளுக்கு ஏழு வயது. அன்றைக்கே தம்பியோடு அவளையும் சேர்த்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் தூக்குப் பாத்திரத்தோடு அவள் அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். சம்மட்டி பாத்திரத்தை எட்டி உதைத்தான். அவித்த முட்டைகள் சாக்கடைக்கு உருண்டன. குனிந்து பொறுக்கப் போனவளின் கையைப் பிடித்து முறுக்கினான். ஆள்காட்டி விரல் மளுக்கென்றது. அதற்குப் பிறகு ஒன்பது விரலில் காலர் தைத்தாள்.

உள்ளே, ஈரல் கெட்டவனுக்குப் பருப்பும் முட்டையும் விஷம் என்று எவனோ எந்தக் காலத்திலோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள் சம்மட்டியின் மனைவி. காலையில் ஒரு கஞ்சி, மாலை ஆறு மணிக்கு ஒரு கஞ்சி. அவ்வளவுதான். வயிறு மட்டும் நீர் கோத்துப் பானையாகப் பெருத்தது. ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறி, மறுபடி ஆஸ்பத்திரி. எட்டு லிட்டர் நீர் எடுத்தார்கள். மறுநாள் காலை இரத்தம் எடுத்தார்கள்.

இரண்டு புள்ளி ஒன்பது.

கேள்விப்பட்டு ஓடிவந்தவளின் முடியைப் பிடித்து, வார்டு வாசலிலிருந்து தம்பியின் கட்டில்வரை இழுத்தான் சம்மட்டி. "பாருடி! கண்ணைத் தொறந்து பாரு! பத்தே நாள்!" அவள் முட்டி தரையில் உரசித் தோல் உரிந்தது.

"விடுய்யா அவளை!" இரத்தப் பரிசோதனைக்காரம்மா கையிலிருந்த இரத்தக் குப்பிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவன் தள்ளிய தள்ளில் சுவரில் மோதியவளின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. உடைந்த கண்ணாடியோடு எழுந்து நின்றாள்.

"நேத்து தண்ணி எடுத்ததும் நரம்புல மூணு பாட்டில் ஏத்தினோமே, அது என்ன பழச்சாறா? அதான் ஆல்புமின். நீ கூத்தாடறது பாட்டிலோட நம்பருக்கு! அந்தப் புரதத்தைச் செய்யறதே ஈரல்தான்யா. அடுப்பு அணைஞ்சு கெடக்கு, சமைக்கறவளை அடிச்சா சோறு வேகுமா?"

"அப்ப தின்னானா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"அவன் சதையைப் பாரு. கையைப் பிடிச்சுப் பாரு."

பார்க்க மனமில்லை. தோற்றுப்போன கோபம் பொல்லாதது. மறுபடி தம்பி பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கினான். அப்போதுதான் தம்பி கட்டிலைவிட்டு இறங்கி, ஊசிக் குழாய் பிய்ந்து இரத்தம் தெறிக்க, அண்ணனின் நெஞ்சில் ஓங்கிக் குத்தினான்.

பிறந்ததிலிருந்து முதல் முறை. பட்டறைக் கல்லின்மேல் முழங்கையை ஊன்றிப் பலம் பார்த்த காலத்தில் ஒரு தடவைகூட அண்ணனிடம் தோற்காத கை அது. மடித்த துண்டு விழுந்ததுபோல் விழுந்தது. சம்மட்டி அந்தக் கையைப் பிடித்தான். பத்து நாளைக்கு முன் இதே புஜத்தைப் பிடித்துத்தான் தம்பியை வண்டியில் ஏற்றினான். அன்றைக்கு அவன் விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடவில்லை. இன்றைக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"பசிக்குதுண்ணா" என்றான் தம்பி. "பத்து நாளா பசிக்குது. அதுக்கு முன்னாடி அவ ஒழுங்காக் குடுத்தா. நான்தான் அன்னைக்கு அதை உன்கிட்ட சொல்லலை."

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். பயம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. "இப்ப அடிங்க மாமா. பட்டினி போட்டது யாரோ, அவங்களை அடிங்க."

கணவனைக் கட்டிலில் உட்கார வைத்தாள். பையிலிருந்து முட்டையை எடுத்து, கோணிப்போன விரலோடு ஓடு உரிக்க ஆரம்பித்தாள்.

முதுகுக்குப் பின்னால் ஓர் அறை விழுந்தது. இன்னொன்று. சம்மட்டி தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தான். வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை.

"சாயங்காலம் பொண்ணைக் கொண்டாந்து விட்டுடுங்க" என்றாள்.