பர்வதமலையில் டீ பிரேக்

வல்லக்கோட்டை முருகன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பொய் சொல்கிறவனாக இருந்தால் எனக்குப் பெருமை வருகிற மாதிரி அல்லவா சொல்லியிருப்பேன்? இது மானம் போன கதை.

வல்லம் வடகாலில் என் வீட்டு மாடி அறைகளில் கம்பெனிப் பையன்கள் குடியிருக்கிறார்கள். வாலிபத்தில் மாதாமாதம் பர்வதமலை ஏறியவன் நான், உச்சி வரை எங்கேயும் உட்கார மாட்டேன் என்று அவர்களிடம் அளந்து வைத்திருந்தேன். இந்தச் சித்திரைப் பௌர்ணமி சனி, ஞாயிறில் வந்து தொலைத்தது. அவர்களில் கோவில்பட்டிக்காரன் அருள்பாண்டி வேனே பேசிவிட்டான்.

"தாத்தா, நீங்கதான் முன்னால நடக்கணும். வழி தெரிஞ்ச ஆளு வேணும்லா?"

என் மனைவி பங்கஜம் வாசலிலேயே சிரித்தாள். "மாடில துணி காயப் போடச் சொன்னா பாதிப் படில மூச்சு வாங்கினு நிக்குது. இது மலை ஏறப் போவுதாம்!"

மலையில் அப்படியொரு கூட்டம். ஒரகடம் தொழிற்பேட்டையையே பெயர்த்து அங்கே வைத்தாற்போல் இருந்தது. பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றவில்லை. நெரிசலில் என் கால் தரையில் படவேயில்லை. கூட்டமே தூக்கிக்கொண்டு போனது. நான் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டே போனேன்.

செங்குத்துப் பாறையில் கடப்பாரைகளை நட்டுச் சங்கிலி கட்டியிருக்கும் இடம் வந்தது. அங்கே அவரவர் காலால்தான் ஏறியாக வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முடியவில்லை என்றால் அளந்ததெல்லாம் போச்சு. உட்காரவும் வேண்டும், நான் உட்கார்ந்ததாகவும் இருக்கக் கூடாது. கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்ற தொண்டை என்னுடையது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினேன்:

"டீ பிரேக்!"

மொத்த மலையும் உட்கார்ந்தது. சங்கிலியில் தொங்கியவன் தொங்கியபடியே போனை எடுத்தான். பாறை மேலிருந்த குரங்குகூட வரிசை கலையாமல் உட்கார்ந்தது. முடிந்தது என்று சைரன் அடிக்காமல் யார் எழுந்திருப்பார்கள்? பாறை கொதித்தது. குழந்தைகள் அழுதன.

கடைசியில் அருள்பாண்டியின் லைன் சூப்பர்வைசர் ஹேமந்த், தலைகளைத் தாண்டித் தாண்டி வந்தார்.

"எவன்டா பிரேக் வுட்டது? மேல கீறவன்லாம் எப்டிடா எறங்குவான்?"

நான் வெற்றிலைப் பொட்டலத்தைத் துழாவினேன். அருள்பாண்டி என்னை ஒருமுறை பார்த்தான். எழுந்து நின்றான்.

"நான்தான் சார். மூச்சு முட்டிட்டு."

"இந்த வயசுலயா? தோ பாரு, பெரியவரு கல்லு மாதிரி கீறாரு. வெக்கமா இல்ல உனக்கு?"

மலை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஹேமந்த் ஒரு விசில் அடித்தார், மலை எழுந்தது. அருள்பாண்டி என் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வேன் கிளம்பிய அன்று அருள்பாண்டி கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டபோது நான் போர்வைக்குள் தூங்குவதுபோலக் கிடந்தேன்; பங்கஜம்தான் எழுந்து போய், எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி, நான் இல்லாமலே அவர்களை அனுப்பிவைத்தாள்.