பெரட்டு கலையாத தோட்டம்

2003ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே உள்ள மஞ்சக்கல் தோட்டத்தில் செத்துப்போன நூற்றுப் பன்னிரண்டு பேர் பெரட்டுக் களத்துக்கு வந்து வரிசையில் நின்றார்கள். அன்று வெயில் நன்றாக அடித்தது. காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் களம் அது. லீவு நாள் என்பதால் பெண்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். வந்தவர்கள் துணிகளை மரியாதையாக ஒதுக்கி வைத்துவிட்டு, பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று நின்றுகொண்டார்கள். தொட்டிலோடு போன பிள்ளைகள் வரவில்லை. பெரட்டில் ஒரு நாளாவது நின்றவர்கள்தான் வந்தார்கள்.

காரணம் தோட்டத்து மானேஜரான பெரிய துரையின் பாட்டுத் தட்டு. சும்மா சொல்லக் கூடாது, துரைக்குப் பாட்டென்றால் உயிர். தலைமுடி வளர்த்த நாலு வெள்ளைக்காரர்கள் எழுபதுகளில் பாடிய ஒரே ஆல்பத்தை முதலில் ரெக்கார்டாக வாங்கினார், பிறகு கசட்டாக வாங்கினார், பிறகு சீடியாக வாங்கினார். மூன்றிலும் ஏதோ குறைகிறது என்று புலம்புவார். அந்த வருசம் கொழும்பிலிருந்து புது மாதிரித் தட்டு ஒன்றும், அதற்கென்றே தனி மெஷினும், ஐந்து ஸ்பீக்கரும் வந்து இறங்கின. விற்ற ஆள் துரைக்குப் புரிகிற பாஷையிலேயே சொல்லியிருக்கிறான்: சீடி என்பது சலித்துக் கொட்டிய தூள், இதுதான் முதல்தரத் தேயிலை, மனுசக் காதுக்கு எட்டாத ஓசைகூட இதற்குள்ளே இருக்கிறது. துரை ஹாலின் நடுவில் சோபாவை இழுத்துப் போட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிட்டார்க்காரனின் விரல் கம்பியில் உரசியது கேட்டது. டிரம் அடிப்பவனின் ஸ்டூல் கிரீச்சிட்டது கேட்டது. துரை தேம்பித் தேம்பி அழுதார் என்று பங்களாக் குசினியில் சமையல் செய்யும் சின்னராசா சொன்னான்.

நாலாவது பாட்டில் மற்றதெல்லாம் அடங்கி டிரம் மட்டும் தனியாகப் பேசும். அந்த அடி, அச்சு அசல் பெரட்டுத் தப்பு. முன்பெல்லாம் மூக்கன் விடியுமுன் சனங்கள் குடியிருக்கும் லயத்துக் கோடியில் நின்று தப்படித்துத்தான் அவர்களை வேலைக்குக் கூப்பிடுவான். 1992இல் புதுக் கம்பெனி வந்து தப்புக்குப் பதிலாக ஊதுகிற சங்கு வைத்தது. மூக்கனும் அடுத்த வருசமே போய்ச் சேர்ந்தான். உயிரோடிருந்தவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டது வெறும் இரைச்சல். மனுசக் காதுக்கு எட்டாத பங்கு யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மூக்கனே வந்து வெறுங்கையோடு நின்றான், தன் தப்பை எவன் அடிக்கிறான் என்று பார்த்தபடி.

வேலையை மேற்பார்க்கும் பொன்னையா கங்காணி பங்களாவுக்கு ஓடினார். "தொர, செத்தவங்கல்லாம் பெரட்டுக்கு வந்து நிக்கிறாங்க!"

"எத்தனை பேர்?" என்றார் துரை. வேறு எதுவும் கேட்கவில்லை.

தட்டு ஓடி முடிந்ததும் அத்தனை பேரும் திரும்பி நடந்து, தைலமரத்தடி மயானத்தில் அவரவர் குழிக்குள் படுத்துக்கொண்டார்கள். துரை கெட்டிக்காரர். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே தட்டைப் போட்டார். வந்தவர்களுக்குக் கூடையும் கத்தியும் கொடுக்கச் சொன்னார். முடிந்த பாட்டு தானாகத் திரும்ப ஓடுவதற்கு மெஷினில் ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கிவிட்டால் அந்தி வரை கவலையில்லை. அந்தியில் பட்டனை எடுத்துவிட்டால் தட்டு ஓடி முடியும், அவர்களும் போய்ப் படுத்துக்கொள்வார்கள். செத்தவர்களை அட்டை கடிக்காது, தேத்தண்ணி கேட்க மாட்டார்கள். ஒரு மாதத்தில் உயிரோடிருப்பவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றானது. யூனியன் தலைவரிடம் போனார்கள். அவர் மெம்பர் லிஸ்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "செத்தவங்க நம்ம மெம்பர் இல்லையே" என்றார்.

ராக்காயிக்கு வேலை போனது பெரிதாகப் படவில்லை. அந்த வரிசையில் அவள் மகள் பூங்காவனம் நின்றாள். 1990 ஐப்பசியில், பதினெட்டு வயதில் செத்தவள். மூன்று நாள் காய்ச்சல். டிஸ்பென்சரியில் துண்டுச் சீட்டு கொடுக்காமல் லீவு கிடையாது. துண்டு கொடுப்பவர் ஊருக்குப் போயிருந்தார். "அந்தி வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு நில்லுடி. வேல விட்டவொடன வந்து படுத்துக்க" என்று ராக்காயிதான் தலையில் மழைக்கு மூடும் கொங்காணியைப் போட்டு அனுப்பி வைத்தாள். மூன்று மணிக்குப் பிள்ளை தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தன் நிரையிலேயே விழுந்தாள். லொறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ராக்காயியின் பெற்ற வயிறு எரிந்துகொண்டே இருந்தது. இப்போது ஓடிப்போய் மகளின் நெற்றியில் கை வைத்தாள். நெருப்பாகச் சுட்டது. பன்னிரண்டு வருசம் ஈர மண்ணுக்குள் கிடந்தும் காய்ச்சல் விடவில்லை.

"பூங்காவனம், அம்மாடி" என்றாள். பூங்காவனம் அவளைத் தாண்டிப் பார்த்து, "எந்த நெர கங்காணி?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

எட்டு மாதம் ராக்காயி அதைப் பார்த்தாள். காய்ச்சலோடு மகள் கொழுந்து பறிப்பதை எந்தத் தாய் பார்ப்பாள்? பாட்டை நிறுத்தினால் பிள்ளை போய்ப் படுத்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. துரை பெக்டரிக்குப் போயிருந்த ஒரு பகலில் சின்னராசாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உள்ளே போனாள். "அக்கா, பழிய என் தலையில போட்டுறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே அவன் மெஷினைத் திறந்துவிட்டான். பாட்டு பாதியில் நின்றது. ராக்காயி தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், அம்மியில் வைத்து, குழவியால் ஒரே போடு போட்டாள். நாலு துண்டாகப் போனது.

பிறகு மலைக்கு ஓடினாள். ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம். போய்ப் பார்த்தால், ஒருவர்கூடக் கூடையை இறக்கவில்லை. அந்தியானது, மழை வந்தது, உயிரோடிருந்தவர்கள் லயத்துக்குப் போனார்கள். பூங்காவனத்தின் கை நிற்கவில்லை. "போதும்டி, வேல விட்டாச்சு. வாடி போவோம்" என்று ராக்காயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் மகள் முதல் தடவையாகத் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் விடலியேம்மா" என்றாள். மறுபடி குனிந்து பறித்தாள்.

தட்டு முடிந்தால்தான் பெரட்டு கலையும். ஓடி முடியாத தட்டை உடைத்துவிட்டாள் பாவி ராக்காயி. அன்றிலிருந்து அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் தீபாவளிக்கும் நிற்கவில்லை, பொங்கலுக்கும் நிற்கவில்லை. துரைக்கு வந்த கோபம் இரண்டாம் நாள் மலையைச் சுற்றிப் பார்த்ததும் தணிந்துவிட்டது. அதே ஆல்பத்தை சிங்கப்பூரிலிருந்து மறுபடி வரவழைத்தார். ஆனால் ஸ்பீக்கர்களைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார். அதன் பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கேட்டார். கடைசிப் பாட்டு அவர் காதுக்குள் மட்டும் முடிந்தது.

ராக்காயி பங்களா வாசலுக்குப் போகாத வாரமில்லை. "சலாங்க தொர. ஒரே ஒரு தடவ அந்தப் பெட்டியில போட்டு, கடைசி வரைக்கும் ஓட விடுங்க. எம்புள்ள படுக்கணுங்க."

துரை ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்துக் கேட்பார். கோபிக்க மாட்டார். "நல்லா வேலை செய்றாங்க ராக்காயி. ஏன் குழப்பணும்?" என்பார்.

ஆறு வருசம் இப்படிப் போனது. 2009 ஆனியில் நெஞ்சுவலி வந்து படுத்த ராக்காயி, பக்கத்து வீட்டு ராசம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என்னையப் பொதைச்சிறாதீங்க. எரிச்சிருங்க. நிக்கிறதுக்குக் காலு மிஞ்சக் கூடாது." ராசம்மா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். ஆனால் மரமெல்லாம் கம்பெனி மரம். விறகுக்கு ஆபீசில் துண்டு வேண்டும். அவள் செத்த அன்று அடைமழை வேறு. துண்டு கொடுக்கவில்லை. தப்பும் அடிக்காமல், சத்தம் கேட்டு எழுந்துவிடுவாளோ என்று குரலெடுத்து அழவும் பயந்து, தைலமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

பெரட்டுதான் இன்னும் கலையவில்லையே, புதிதாகப் புதைத்தவர்களும் அதில் நின்றாக வேண்டும். மறுநாள் காலை ஆறே காலுக்கு ராக்காயி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, மலையில் பறித்துக்கொண்டிருந்தவர்களின் வரிசைக் கடைசியில் போய் நின்றாள். பொன்னையா கங்காணி அவளுக்கு மகளுக்கு அடுத்த நிரையைக் கொடுத்தார். அந்த நிரையில் கொழுந்து நன்றாகத் துளிர்த்திருந்தது.